நானோ துகளும் நம் அஞ்சறைப்பெட்டியும்: உணவு கெடாமல் காப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்கள் வீட்டிலிருந்தே சம்பல், சட்னி, ஊறுகாய், தோசை மாவு போட்டு விற்பவர்கள். பெரும்பாலும் பெண்கள், பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள், ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வார நாட்களில் என் பிழைப்பு வேறு. கிராம்பு, ஓமம், செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெய்களை நானோ துகளில் ஏற்றி உணவில் சேர்த்தால் கிருமி அடங்குகிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூட வேலை. ஒருநாள் வகுப்பில் அதைப் பற்றி வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப் ஓயவில்லை. ஒரே பதிலை இருபது பேருக்குத் தட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இயற்கைக் கிருமித்தடுப்பான் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாலே பாதிப் பட்டியல் வந்துவிடும். கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால், பட்டையில் சின்னமால்டிஹைடு, செராயில் சிட்ரால். பூண்டை நசுக்கினால் அல்லிசின். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அது அல்லைல் ஐசோதயோசயனேட். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கச் செடிகள் சேர்த்துவைத்திருக்கும் சரக்கு இது. நாம் அதைப் பறித்து ரசத்தில் போட்டுக்கொள்கிறோம்.

செடியில் மட்டும்தான் என்று இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் இருக்கிறது. பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, தன் இடத்துக்குப் போட்டிக்கு வரும் மற்ற பாக்டீரியாவை ஒழிக்க நைசின் என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. 34 அமினோ அமிலம் கோத்த சங்கிலி அது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1969-லேயே அதை உணவில் சேர்க்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. சீஸ் டப்பாவில் இ234 என்று போட்டிருந்தால் அதுதான் நைசின்.

மசாலா எண்ணெய்கள் கிருமியைச் சுற்றியுள்ள சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடும், உள்ளே இருப்பதெல்லாம் கசிந்துவிடும். நைசின் அந்தச் சவ்வில் ஓட்டையே போடும்.

அப்படியானால் சட்னியில் ரெண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் முடிந்ததே, நானோ எதற்கு?

வகுப்புக்கு வரும் ஓர் அக்கா இதைச் செய்தே பார்த்துவிட்டார். லெபோ பசார் கடைத்தெருவில் வாங்கிய கிராம்பு எண்ணெயைத் தேங்காய்ச் சட்னியில் நாலு சொட்டு விட்டு, மூடி, மேசைமேலேயே வைத்திருக்கிறார். அன்று மாலையே சட்னி பல் டாக்டர் கடை மாதிரி மணந்ததாம். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் நுரை. அதாவது வாடிக்கையாளரை விரட்டும் அளவுக்கு எண்ணெய் இருந்தது, கிருமியை விரட்டும் அளவுக்கு இல்லை.

ஏன் இப்படி? சட்னியில் இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்று தேங்காயின் கொழுப்பு, மற்றொன்று தண்ணீர். கிருமி வாழ்வது தண்ணீரில். கிராம்பு எண்ணெய்க்குப் பிடித்தது கொழுப்பு. விட்ட சொட்டில் பெரும்பங்கு போய்க் கொழுப்பில் உட்கார்ந்துவிடும். மிச்சத்தில் கொஞ்சம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் ஆவியாகி நம் மூக்குக்கு வந்துவிடும். கிருமி இருக்கும் தண்ணீரில் மிஞ்சுவது சொற்பம்.

ஆய்வுக்கூடத்தில் வெறும் ஊட்டச்சாற்றில் கிருமியை வளர்த்து எண்ணெயை விட்டால் துளியிலேயே செத்துவிடும். அதே வேலையை உணவில் செய்யக் கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால் பாலில் சுமார் 2 மடங்கு, இறைச்சியில் 10 மடங்கு, மென்மையான சீஸில் 25 முதல் 100 மடங்கு வரை. "இன்ன எண்ணெய் இன்ன கிருமியைக் கொன்றது" என்று செய்தி வரும்போதெல்லாம், எதில் வைத்துக் கொன்றது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

நைசினுக்கும் இதே கதை. கொழுப்பிலும் புரதத்திலும் ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். இறைச்சியில் உள்ள நொதிகள் அதை வெட்டியும் போடும். ஆக, மருந்து நல்ல மருந்துதான். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. நானோ துகள் என்பது அந்தப் பயணத்துக்கான வண்டி, அவ்வளவுதான்.

நானோ என்றால் எவ்வளவு சின்னது?

உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஒரு பாக்டீரியா 1000, 2000 இருக்கும். நாம் பேசும் வண்டிகள் பெரும்பாலும் 20 முதல் 200-க்குள். ஏதோ விண்வெளிச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பாலில் இருக்கும் கேசின் உருண்டைகளே 50 முதல் 500 நானோமீட்டர்வரைதான். தாய்ப்பால் குடித்த நாள் முதல் நானோ துகள் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம்.

அந்த வண்டியை எதனால் செய்கிறார்கள்?

பல வகை உண்டு. எனக்கு அதிகம் பழக்கமானது நானோ பால்மம், அதாவது எண்ணெயை மிகச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் நிறுத்திவைப்பது. இதன் தூரத்து உறவு உங்கள் குளியலறையில் இருக்கிறது. டெட்டாலைத் தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கிறதே, அது கலக்காமலேயே எண்ணெய் தானாகக் குட்டித் துளிகளாகப் பிரிவதால் வரும் வெள்ளை.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர், அதில் கிராம்பு எண்ணெய். மற்ற எண்ணெய்போல மிதக்காது, தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் போய்ப் பழுப்பு முத்தாக உட்காரும். கொஞ்சம் சோள எண்ணெய், அப்புறம் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்க டுவீன் 80 என்ற பொருள், அது தேன்போலப் பிசுபிசுக்கும். கலக்கினால் பால் மாதிரி வரும். அதற்குள் மீயொலிக் கம்பியை இறக்கி ஓடவிட்டால் ஒரு கீச்சொலி கேட்கும், காதுக்கு அடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது. சூடேறி மணம் பறந்துபோகாமல் இருக்கக் குவளையைச் சுற்றி ஐஸ் கட்டி. கொஞ்ச நேரத்தில் வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து, இலேசான நீலச் சாயலோடு கண்ணாடிபோலத் தெளியத் தொடங்கும். துளிகள் ஒளியின் பாதையைப் பெரிதாகச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகிவிட்டன என்று பொருள். பேனா லேசரை அடித்துப் பார்த்தால் உள்ளே சிவப்புக் கோடு தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சோள எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி வெளுத்து, எண்ணெய் அடியில் படிந்துவிடும். கிராம்பு எண்ணெய் தண்ணீரில் இலேசாகக் கரையும் குணம் உள்ளது. அதனால் சின்னத் துளியிலிருந்து பெரிய துளிக்கு நழுவி நழுவிப் போய், பெரியது மேலும் பெருக்கும். தண்ணீரில் கரையவே கரையாத எண்ணெய் ஒன்று கூட இருந்தால் அந்த நழுவல் அடங்கும்.

மற்ற வண்டிகள்: லெசித்தின் கொழுப்பால் ஆன குட்டிப் பைகளுக்கு லிப்போசோம் என்று பெயர், நைசினை ஏற்ற இது வசதி. சோளப் புரதமான சீனை ஆல்கஹாலில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினால் உருண்டை உருண்டையாகத் திரண்டு எண்ணெயை உள்ளே அடைத்துக்கொள்ளும். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் இன்னொன்று. அது கொஞ்சம் தனி ரகம், நேர்மின்னேற்றம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்புறமோ எதிர்மின்னேற்றம், ஆகவே வண்டியே போய்க் கிருமிமேல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த மின்னேற்றம் புளிப்பான சூழலில்தான் இருக்கும். பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 6.5-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஊறுகாய்க்குச் சரி, தேங்காய்ப் பாலுக்கு அவ்வளவாகச் சரிப்படாது.

துகள் சின்னதாகச் சின்னதாகக் கொல்லும் சக்தி கூடுமா?

இதைத்தான் எல்லாரும் ஆமாம் என்று நினைக்கிறார்கள். விற்பனைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நம்பினேன்.

2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. யூஜெனால், கார்வக்ரால் போன்ற மசாலா எண்ணெய்ப் பொருள்களை 80 நானோமீட்டர் துளியிலும் 3000 நானோமீட்டர் துளியிலும் ஏற்றி லிஸ்டீரியா வகைக் கிருமியின்மேல் விட்டார்கள். பெரிய துளிதான் நன்றாக அடக்கியது! சின்னத் துளி வளர்ச்சியைத் தள்ளிப்போட்டதோடு சரி.

காரணத்தை யோசித்தால் புரியும். துளி சின்னதானால் மொத்த மேற்பரப்பு கூடும். அந்த மேற்பரப்பு முழுவதையும் டுவீன் போர்த்தியிருக்கும். யூஜெனாலுக்கு அந்தப் போர்வை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீருக்குள் இறங்குவது குறைகிறது, கிருமியைத் தொடுவதும் குறைகிறது. வண்டியில் இருக்கை சொகுசாக இருந்தால் பயணி இறங்க மாட்டார் இல்லையா, அந்த மாதிரி.

வேறு ஆய்வுகளில் சின்னத் துளி ஜெயித்ததும் உண்டு. எந்த எண்ணெய், எந்தப் போர்வை, எந்த உணவு, எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து மாறும். "நானோ" என்று எழுதியிருப்பதாலேயே பலமானது என்று யாராவது சொன்னால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

அப்போது என்னதான் லாபம்?

முதலாவது, பரவல். தண்ணீரோடு சேராத எண்ணெயைப் பழச்சாற்றில் சொட்டினால் மேலே ஒரு படலமாக மிதக்கும், குடிக்கிறவர் முதல் மடக்கிலேயே முகம் சுளிப்பார். துளியாக உடைத்தால் கடைசிச் சொட்டுவரை ஒரே சீராக இருக்கும்.

இரண்டாவது, மெல்ல மெல்ல வெளிவிடுவது. கிருமி ஒரே நாளில் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி இல்லை. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டால் மூன்றாம் நாள் கையில் ஒன்றும் இருக்காது. உள்ளே அடைத்துவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நைசினுக்கு இது மிகவும் தேவை, நொதியிடமிருந்தும் கொழுப்பிடமிருந்தும் கொஞ்ச காலம் ஒளித்துவைக்கலாம். மணமும் அடங்கும். பல் டாக்டர் வாசம் முழுவதும் போகாது, குறையும்.

இன்னொன்று மஞ்சள். "மஞ்சள் கிருமிநாசினி" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் மஞ்சளில் உள்ள குர்க்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும். குழம்பில் போட்ட மஞ்சள் நிறம் தருவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதை நானோ துகளில் அடைத்தால்தான் தண்ணீரில் நிற்கும். நிற்கும், ஆனால் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் என் வெள்ளை அங்கி மூன்று வருடமாக மஞ்சள் நீராட்டுக்குப் போய்வந்த மாதிரிதான் இருக்கிறது.

எல்லாக் கிருமிக்கும் ஒரே மருந்தா?

இல்லை. நைசின் லிஸ்டீரியா, ஸ்டாபிலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் வகையைத்தான் பிடிக்கும். சால்மொனெல்லா, ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது, நைசின் அதைத் தாண்டாது. மசாலா எண்ணெய்கள் இரண்டு பக்கமும் வேலை செய்யும், ஆனால் இவற்றிடம் கொஞ்சம் திணறும்.

"கெமிக்கல்" வேண்டாம், இயற்கைதான் நல்லது என்பது சரிதானே?

பினாங்கில் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-ல் தொடங்கியதிலிருந்து உணவில் எதைக் கலக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறையை வளர்த்திருக்கிறது. மஞ்சள் மீயில் (நூடுல்ஸில்) போரிக் ஆசிட் கலக்கும் பழக்கம் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? மீ கெடாமலும் கடிக்க விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அது இங்கே உணவில் அனுமதிக்கப்படாத பொருள்.

ஆனால் 1988-ஐ நினைத்துப் பாருங்கள். பேராக்கில் லோ ஷீ ஃபன், அதாவது எலிவால் மீ, சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்தார்கள். போரிக் ஆசிட் மீதும் சந்தேகம் விழுந்தது. இறந்த பிள்ளைகளின் உடலைச் சோதித்தபோது அஃப்ளடாக்சின் இருந்தது. அஃப்ளடாக்சினை எந்தத் தொழிற்சாலையும் கலக்கவில்லை. தானியத்தில் வளரும் பூஞ்சை தானே உண்டாக்கும் விஷம் அது, முழுக்க முழுக்க இயற்கை.

யூஜெனாலுக்கும் அளவு இருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம்வரை என்று சர்வதேச நிபுணர் குழு வரையறுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம். சாப்பாட்டில் போடும் கிராம்பால் இதைத் தொட மாட்டோம். பாட்டிலைத் திறந்து ஊற்றினால் தொட்டுவிடுவோம், குழந்தையென்றால் சீக்கிரமே.

நானோ துகளைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

எந்தத் துகள் என்பதைப் பார்க்க வேண்டும். கொழுப்பு, புரதம், மாவுப்பொருளால் ஆனது குடலில் செரித்துவிடும், மிஞ்சுவது வழக்கமான சாப்பாடுதான். வெள்ளி, டைட்டானியம் டையாக்சைடு போன்றவை செரிக்காது. அந்த டைட்டானியம் டையாக்சைடை, இ171 என்ற வெள்ளை நிறப்பொருளை, ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் உணவிலிருந்து விலக்கியது. இரண்டையும் ஒரே "நானோ" என்ற பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயமும் பாதி விளம்பரமும்.

ஆனாலும் செரிக்கும் துகளென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் பொருள் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்தில் சேரக்கூடும். அப்போது பழைய அளவுக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. எனக்கு உண்மையில் உறுத்துவது டுவீன். சில செய்முறைகளில் கிராம்பு எண்ணெயைவிட அதைக் கரைக்கும் டுவீன் பல மடங்கு. இயற்கை, இயற்கை என்று சொல்லிக்கொண்டு பாட்டிலில் பாதி செயற்கைப் பொருளை ஊற்றுவதில் என்ன பெருமை? லெசித்தினுக்கு மாறப் பார்க்கிறோம். அது டுவீன் அளவுக்குச் சொன்னபடி கேட்பதில்லை.

நாங்கள் சைவம். இறால் ஓட்டில் செய்தது என்று சொன்னீர்களே?

நல்ல கேள்வி, ஆய்வுக் கட்டுரைகளில் யாரும் கேட்காத கேள்வியும்கூட. கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் வருகிறது. பழத்தின்மேல் பூச்சாகத் தடவ அது கெட்டிக்காரப் பொருள். புளிக்காடியில் கரைத்துப் பப்பாளியை முக்கி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத மேலுறை படியும், பூஞ்சை தாமதமாகும். ஆனால் தைப்பூசத்துக்கு விரதமிருந்து தண்ணீர்மலை ஏறுகிறவருக்கு அந்தப் பப்பாளி சைவமா? நான் கொடுக்க மாட்டேன், சொல்லாமல் கொடுக்கவே மாட்டேன். காளானிலிருந்தும் கைட்டோசான் எடுக்கலாம், விலைதான் கூடுதல்.

லெசித்தின் சோயாவிலிருந்தும் வரும், முட்டையிலிருந்தும் வரும். லைசோசைம் முட்டை. நைசின் பாக்டீரியா தருவது, ஆனால் அதைப் பால் பொருளில் வளர்ப்பதும் உண்டு. முஸ்லிம் வாடிக்கையாளருக்கு விற்பவர்கள், ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறை) ஹலால் சான்றுக்கு ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். சீன் துகளுக்கு ஆல்கஹால் கரைப்பான் என்பதால் அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மலேசியாவில் இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

உணவுச் சட்டம் 1983, உணவு ஒழுங்குமுறைகள் 1985. எந்த உணவில் எந்தப் பதப்படுத்தும் பொருள், எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாததைப் பதப்படுத்தும் பொருளாகச் சேர்க்கக் கூடாது. "இயற்கைதானே" என்பது சுகாதார அமைச்சு அதிகாரியிடம் எடுபடாது. நானோ துகள் விற்க வருகிறவரிடம் உங்கள் உணவு வகைக்கு இது அனுமதிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். நானோவெரிஃபை முத்திரை இருந்தால், பொருளில் நானோ அளவுத் துகள் உண்மையில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. உங்கள் சம்பலில் போடலாம் என்ற அனுமதி வேறு விஷயம்.

வீட்டுத் தொழில் செய்கிறவர்கள் அதற்கு முன் முடிக்க வேண்டியது உணவு கையாள்பவர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும். கடைகளுக்குப் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்று.

இப்போது கடையில் கிடைக்கும் எதிலாவது இது இருக்கிறதா?

வெறும் நைசின் நெடுநாளாக இருக்கிறது. நானோவில் அடைத்த நைசினும் கிராம்பு எண்ணெயும் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே. விலை ஒரு காரணம், சட்ட அனுமதி இன்னொன்று, நிஜ உணவில் தோற்றுப்போவது மூன்றாவது.

நெருங்கிய உறவு ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும் இறக்குமதி ஆப்பிள் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் 1-மீத்தைல்சைக்ளோபுரோப்பீன் என்ற வாயு. பழுக்கவைக்கும் எத்திலீனின் இடத்தை அது போய் அடைத்துக்கொள்ளும். வாயுவை எப்படிப் பொட்டலம் கட்டுவது? சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சர்க்கரை வளையத்தின் நடுக்குழியில் அதை உட்காரவைத்துப் பொடியாக்கினார்கள். அந்தக் குழி ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது. பொடியில் தண்ணீர் பட்டதும் வாயு வெளியே வரும். கிருமியைக் கொல்லும் வேலை இல்லை, ஆனால் "ஏற்று, காத்திரு, இறக்கு" என்ற யுக்தி அதேதான். பூண்டு, கடுகு எண்ணெய்களையும் அதே வளையத்தில் ஏற்றுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த நுட்பம் முதலில் காலூன்றப் போவது உணவுக்குள் இல்லை, உணவைச் சுற்றியிருக்கும் உறையில். ஹாலோய்சைட் என்று ஒரு களிமண், இயற்கையாகவே குட்டிக் குழாய் வடிவம், உள்விட்டம் 15 நானோமீட்டர் அளவு. அதில் எண்ணெயை நிரப்பிப் பிளாஸ்டிக் தாளில் கலந்தால் ஆவி மெல்ல வரும். ரொட்டியின் மேற்புறத்தில்தானே பூஞ்சை முளைக்கிறது, ஆவி போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான். கொழுப்பும் புரதமும் குறுக்கே வராது.

வீட்டு மிக்சியில் நானோ பால்மம் செய்யலாமா?

முடியாது. மிக்சி தருவது ஆயிரக்கணக்கான நானோமீட்டர் துளி, அதற்குப் பெயர் மயோனைஸ்.

பூண்டைப் பச்சையாக எண்ணெயில் ஊறப்போட்டு விற்கிறேன். பூண்டே கிருமிநாசினி என்பதால் வெளியே வைக்கலாம்தானே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமிக்குச் சொந்த வீடு மாதிரி. மண்ணிலிருந்து வந்த பூண்டில் அதன் வித்துகள் இருக்கலாம். அல்லிசின் அதை நம்பும் அளவுக்குத் தடுக்காது, நானோவில் ஏற்றினாலும் நான் நம்ப மாட்டேன். அதன் நச்சு நரம்பை முடக்கும். வாசமும் காட்டாது, நிறமும் காட்டாது. பிஎச் 4.6-க்குக் கீழே போகும்படி புளிக்காடியில் ஊறவைத்த பூண்டைப் பயன்படுத்துங்கள், அல்லது சிறிதளவு செய்து குளிரில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

பினாங்கு ஜாதிக்காயில் ஏதாவது உண்டா?

உண்டு. 1790-களின் பிற்பாதியில் ஆங்கிலேயர்கள் மலுக்குத் தீவுகளிலிருந்து கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை இங்கே கொண்டுவந்தார்கள், பாலிக் புலாவ் பக்கம் இன்றும் மரங்கள் நிற்கின்றன. ஜாதிக்காய் எண்ணெய்க்குக் கிருமியை அடக்கும் குணம் ஓரளவு இருக்கிறது, கிராம்பு அளவுக்கு இல்லை. அதிலுள்ள மிரிஸ்டிசின் அளவுமீறினால் தலையைச் சுற்றவைக்கும். சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய் ஜெரோக்குக்கே என் வாக்கு.

தோசை மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது. நைசின் சேர்த்தால் நிற்குமா?

நிற்கும், மாவு பொங்குவதும் நின்றுவிடும். மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனாஸ்டாக் போன்றவை நைசின் பிடிக்கும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை. கிருமியைக் கொல்வது என்றால் நம் வேலையாளையும் சேர்த்துக் கொல்வது என்று ஆகிவிடும். வேண்டிய அளவு பொங்கியதும் மாவைக் குளிரில் வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பெரிய வாளியோடு வைத்தால் நடுவில் குளிர் ஏற நேரமாகும், அதற்குள் புளித்துவிடும். ஒரு கிலோ பொட்டலமாகப் பிரித்துத் தட்டையாக அடுக்குங்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் மோட்டார் சைக்கிளோடு தீவுக்குக் கொண்டுபோகிறவர்கள், பெட்டிக்கு அடியில் மட்டும் இல்லை, மேலேயும் ஒரு ஐஸ் பையைப் போடுங்கள். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும்.